அடுப்பும் கைவினைஞரும்

சோறு சமைத்தற்கும், நீராடுதற்கு வெந்நீர் வைத்தற்கும், நெல் அவித்தற்கும் தீ வேண்டும். அடங்கி நிற்குங்கால் அது நமக்கு ஏவல் செய்யும். அடக்கம் குலைந்தவிடத்து வீட்டையும் உயிரையும் ஒருங்கே அழிக்கும். அத்தகைய தீயை அடக்கி ஆளும் கருவியே அடுப்பு. அதனை அமைத்துத் தருபவர் ஊர்க் கொத்தனார். அவரைத் தெரிந்தெடுக்கும் முறையையும், அவரிடம் வேலையை ஒப்படைக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

எரிவாயு அடுப்பு இன்று பெரும்பாலான இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. எனினும், சிற்றூர்களில் கொல்லைப்புறத்து விறகடுப்பு மறைந்துவிடவில்லை. விருந்து நாளில் பெரிய பாத்திரம் ஏற்றவும், மழைக்காலத்தில் வெந்நீர் வைக்கவும் அதனை நாடுவோர் பலர். ‘நான்கு செங்கற்களை அடுக்கிச் சேறு பூசினால் அடுப்பு ஆகிவிடும், இதற்கும் ஒரு தொழிலாளர் வேண்டுமோ?’ என்று சிலர் வினவுவர். அடுப்பின் இயல்பை ஆராய்ந்தால் இவ்வினாவிற்கு விடை தானே கிடைக்கும்.

விறகு நன்கு எரிவதற்குப் போதிய காற்று வேண்டும். சூடேறிய காற்று எடை குறைந்து மேலெழும். அது சென்ற இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று அடுப்பின் வாய்வழியே உட்புகும். இவ்வோட்டம் தடையின்றி நிகழுமாறு அடுப்பின் வாயும், உள்வழியும், புகைபோக்கியும் தம்முள் அளவொத்து அமைதல் வேண்டும். வாய் மிகக் குறுகினால் காற்றுப் போதாது. மிக விரிந்தால் வெப்பம் வீணாகும். புகைபோக்கி கூரைக்குத் தாழ்ந்து நின்றால், கூரைமேல் மோதித் திரும்பும் காற்று புகையை மீண்டும் உள்ளே தள்ளும்.

காற்றுப் போதாமல் எரியும் விறகிலிருந்து கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியும் தோன்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆதலின், அடைத்த அறையில் கனல் வைத்து உறங்குவோர் அதனை அறியாமலே உயிர் இழத்தல் உண்டு. நாள்தோறும் புகையை உட்கொள்ளும் தாய்மார்க்குக் கண்ணெரிச்சலும், நுரையீரல் நோயும் வந்து சேரும். ஆகவே, பிழைபட அமைந்த அடுப்பு மெல்ல மெல்ல உயிரைக் குடிக்கும் பகையாகும்.

பொருள்களைத் தெரிந்து கொள்வதிலும் அறிவு வேண்டும். சுவர் கட்டுதற்கு ஏற்ற சிமெண்டுச் சாந்து, நெருப்புப் படும் உட்புறத்துக்கு ஏற்றதன்று. கடுவெப்பத்தால் அது வெடித்து உதிரும். மணலும் உமியும் அளவாகக் கலந்து பிசைந்த களிமண்ணே ஆங்குப் பூசத்தக்கது. ஆற்றில் கிடந்து நீர் ஊறிய கற்களை அடுப்பில் வைத்தலாகாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விரியுங்கால் கல் பிளந்து தெறிக்கும். புதிய அடுப்பைச் சில நாள் நிழலில் உலரவிட்டு, முதலில் சிறு தீ மூட்டிப் பழக்குதல் வேண்டும். ஓலைக்கூரை, வைக்கோற்போர், விறகுக்குவியல் ஆகியவற்றுக்கு எட்டவே அடுப்பின் இடம் அமைதல் வேண்டும். ஆடித் திங்களில் மேல்காற்று எப்பக்கத்துச் சந்தில் புகுந்து வீசும் என்பதை உள்ளூர்க் கொத்தனார் நன்கறிவார். அயலூரார்க்கு அவ்வறிவு எளிதில் வாய்ப்பதன்று.

இனி, தொழிலாளரைத் தெரியும் முறையைக் காண்போம். திருவள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அந்நெறி இல்லத்தார்க்கும் பொருந்தும். ஒருவருடைய சொல்லினும் அவர் செய்த வேலையே சிறந்த சான்று. அவர் முன்னர் அமைத்த அடுப்பு எரியுங்கால் நேரிற் சென்று காண்க. அதில் நாள்தோறும் சமைக்கும் அம்மையாரிடம், ‘புகை வெளியே செல்கிறதா? விறகு மிகுதியாகச் செலவாகிறதா? பழுது நேர்ந்தபோது அழைத்தால் வந்தாரா?’ என வினவுக. இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடை, எத்துணைப் பேர் கூறும் பரிந்துரையினும் மேலானது.

வேலைதோறும் உரியவர் வேறு என்பதையும் மறத்தலாகாது. செங்கல் வேலைக்குக் கொத்தனார். கதவு நிலைக்குத் தச்சர். மின்கம்பிக்கு அத்தொழிலில் பயிற்சியும் உரிமமும் பெற்றவர். கொல்லறும் தூக்குக்குண்டும் கையாள்வதில் வல்ல ஒருவரிடம், ‘அப்படியே இந்த மின்விளக்கையும் பொருத்திவிடுங்கள்’ என வேண்டுதல் அவர் உயிருக்கே இடுக்கண் செய்தலாகும்.

தெரிந்தெடுத்த பின்னர், செய்யவேண்டியதைத் தெளிவாக உரைத்தல் வேண்டும். அடுப்பின் இடம், நீள அகல உயரம், ஏற்றவேண்டிய பாத்திரத்தின் அளவு, வாங்கவேண்டிய பொருள்கள், அவற்றை வாங்குபவர், வேலை முடியும் நாள், கூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்வது நன்று. நாட்கூலியாயின் நாள் நீளலாம். மொத்தக்கூலியாயின் விரைவு மிகலாம். இரண்டனுள் எது தக்கது என்பதை முன்னரே பேசி முடிவு செய்க. முழுத் தொகையையும் முன்பணமாகத் தருதல் தகாது. வேலை முடிந்தபின் கூலியை இழுத்தடித்தலும் தகாது. இடையில் புதியதொரு வேலையைச் சேர்ப்பின், அதற்குரிய கூலியையும் அப்போதே உறுதி செய்க.

வேலை செய்பவரை மதிப்போடு நடத்துதல் இல்லத்தார் கடமை. கொத்தனாரும் சித்தாளும் வெயிலில் உழைப்பவர். குடிநீரும் நிழலும் அவர்க்கு வேண்டும். கூரைமேல் ஏறிப் புகைபோக்கி பொருத்துங்கால் உறுதியான ஏணியும் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் தேவை. 14 வயது நிரம்பாத சிறுவரைக் கூலிவேலைக்கு அமர்த்துதல் சட்டத்தால் விலக்கப்பட்டது. அவர்க்குரிய இடம் பள்ளிக்கூடமே. வேலையின் நடுவே, ‘இவ்விடத்தில் வேண்டா, சற்றுத் தள்ளி வைக்கலாம்’ எனத் தொழிலாளர் கூறின், அதன் காரணத்தைக் கேட்டறிதல் அறிவுடைமை. பட்டறிவால் அவர் பெற்ற கல்வி ஏட்டுக் கல்விக்குக் குறைந்ததன்று.

அடுப்பு அமைந்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. எஸ். பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர் ஐதராபாத்தில் ஆராய்ந்து, புகையில்லாச் சமையலறை பற்றி 1953ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். பின்னர், 1980களில் மைய அரசு நாடெங்கும் சீர்திருத்திய அடுப்புகளைப் பரப்ப முனைந்தது. ஒடிசாவின் சிற்றூர்களில் புகைபோக்கி அடுப்புகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை நிகழ்த்திய மூவருள் ஒருவரான எஸ்தர் தூஃப்லோ 2019ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றவர். முதலாண்டில் மக்கள் உட்கொண்ட புகை குறைந்தது என்றும், அதன்பின் அந்நன்மை மறைந்தது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. காரணம் யாது? இல்லத்தார் அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதைச் செப்பனிடவில்லை, நாளடைவில் அதனைக் கைவிட்டனர்.

இதனால் நாம் அறிவது ஒன்று உண்டு. புகைபோக்கியில் படிந்த கரியை அவ்வப்போது துடைத்தலும், விரிசல் கண்டவுடன் மண் பூசுதலும் இல்லத்தார் செயல். அவர் கைக்கு அடங்காத பழுதை நீக்க, அழைத்தவுடன் வரத்தக்க தொழிலாளர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். உள்ளூர்க் கைவினைஞரின் பெருமை இங்கேதான் விளங்கும். செம்மையாகச் செய்து கொடுத்து, உரிய கூலி பெற்று, மனம் மகிழ்ந்து சென்றவர் மறுமுறை அழைத்தாலும் விரும்பி வருவார். கூலியில் வஞ்சிக்கப்பட்டவர் வாரார்.

மாணவர்களே! உங்கள் இல்லத்தில் இத்தகைய வேலை நிகழுங்கால் தாளும் எழுதுகோலும் எடுத்து, அளவையும் கூலியையும் எழுதித் தருவது உங்களால் இயலும். கொத்தனார் வேலை செய்வதை அருகிருந்து நோக்குங்கள்; ‘ஏன்’ என்று பணிவோடு கேளுங்கள். அறிவியல் நூலில் கற்ற காற்றோட்டம் அவர் கையில் அடுப்பாக உருவாவதைக் காண்பீர்கள். உங்கள் அன்னையாரின் கண்கள் புகையால் கலங்காதிருக்க உழைக்கும் அவரைப் போற்றுங்கள்.