சீமைப் படிப்பும் நாமும்

கோடைக்கானல் குளிரில் வளரும் நாம் இங்கிலாந்தின் குளிருக்கு அஞ்சமாட்டோம். ஆனால் அங்கு சென்று படிக்கப் பணத்திற்கு எங்கே போவது?

கொர்னேலியா சொராப்ஜி அம்மையாருக்கும் இதே கவலை இருந்தது. பம்பாய் மாகாணத்தில் முதல் வகுப்பில் தேறியும், பெண் என்பதால் அரசாங்க உபகாரச் சம்பளம் அவருக்கு மறுக்கப்பட்டது. இங்கிலாந்துப் பெருமாட்டிகள் சிலர் பொருள் திரட்டி உதவ, 1889-இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 1892-இல் சட்டத் தேர்வு எழுதினார். அங்கே 1920 வரை பெண்களுக்குப் பட்டம் அளிப்பதில்லை. ஆகவே அவர் பட்டம் பெற்றது 1922-இல்தான்!

இன்று அத்தடை இல்லை, செலவுதான் தடை. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மிக அதிகம். தங்கும் செலவுக்கும் பணம் உண்டென்று விசாவுக்கு முன்பே காட்டவேண்டும். காமன்வெல்த், செவனிங், ரோட்ஸ் போன்ற உதவித் தொகைகள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களுக்கே. ரோட்ஸ் உதவி பெண்களுக்குக் கிடைத்ததும் 1977 முதல்தான்.

எனவே தோழியரே, முதல் பட்டத்தை இங்கேயே சிறப்பாகப் பெறுவோம். பிறகு உதவித் தொகைக்கு விண்ணப்பிப்போம். அங்கே முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டே. "பெண்ணுக்கு ஏன் அவ்வளவு தூரம்?" என்று வீட்டில் கேட்டால், முப்பது ஆண்டு பட்டத்திற்குக் காத்திருந்த அந்த அம்மையாரின் கதையைச் சொல்வோம்.