கேரவன் பெருத்தது, தீவு இளைத்தது

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், டவுன்ஸ்வில்லுக்கும் கெயின்ஸுக்கும் நடுவே மிஷன் பீச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 14 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. முதுகுக்குப் பின்னால் மழைக்காடு, அதற்கும் அப்பால் வாழையும் கரும்பும். கண்ணுக்கு நேரே டங்க் தீவு, 4 கிலோமீட்டர்தான். ஜூன், ஜூலை பள்ளி விடுமுறையில் தெற்கே குளிர் நடுக்கும்போது, காருக்குப் பின்னால் கேரவனை மாட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக இங்கே வந்து சேர்வார்கள். பிரிஸ்பேனிலிருந்து புறப்பட்டாலே புரூஸ் நெடுஞ்சாலையில் 1,500 கிலோமீட்டருக்கு மேல்.

1970-களில் அந்த கேரவன் ஒரு சின்னப் பெட்டி. வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட். வைகவுன்ட், மில்லார்ட் என்று பெயர்கள். குடும்பக் கார் ஹோல்டனோ ஃபால்கனோ எதுவானாலும் இழுத்துவிடும். சாப்பாட்டு மேஜையை இறக்கினால் அதுவே கட்டில். ஐஸ் கட்டி வாங்கிப் போட்டால்தான் பால் கெடாமல் இருக்கும். இடம் போதாததால் பக்கவாட்டில் கான்வாஸ் கூடாரம் ஒன்றைக் கட்டுவார்கள். அதைக் கட்டுவது லேசுப்பட்ட வேலை அல்ல. கூரையோரம் நெடுக ஓர் அலுமினியத் தடம் ஓடும். கான்வாஸ் விளிம்பில் தைத்திருக்கும் கயிற்றை ஒரு முனையில் நுழைத்து மறுமுனைவரை இழுக்க வேண்டும். பாதியில் சிக்கிக்கொள்ளும். சோப்பைத் தேய்த்து மறுபடி இழுப்பார்கள். ஒருவர் இழுக்க, ஒருவர் துணியை ஊட்ட, ஒருவர் கம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் பக்கத்து கேரவன்காரர்தான். கூப்பிடாமலே வந்துவிடுவார். கட்டி முடிப்பதற்குள் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கடற்கரைக்கு ஓடியிருப்பார்கள்.

அப்போது டங்க் தீவு எட்டாக்கனி. சொந்த விமான ஓடுதளம், நீச்சல்குளம், சாப்பாட்டுக் கூடம் என்று எல்லாம் இருந்த விடுதி அது. மழைக்காட்டில் பறக்கும் நீல நிற யுலிசிஸ் பட்டாம்பூச்சிதான் அதன் சின்னம். கேரவன் குடும்பத்துக்குக் கட்டுப்படியானது காலையில் போய் மாலையில் திரும்பும் படகுப் பயணம் மட்டுமே. கரையில் பற்றாக்குறை, தீவில் செழிப்பு. இதுதான் அன்றைய நிலவரம்.

அந்தத் தீவின் கதை விடுதியோடு தொடங்கியதும் அல்ல. பான்ஜின், ஜிரு மக்களின் தீவு அது. டவுன்ஸ்வில்லில் பத்திரிகையாளராக இருந்த இ. ஜே. பான்ஃபீல்ட் உடம்பு நொடிந்த நிலையில் 1897-இல் மனைவியோடு அங்கே குடியேறி, கால் நூற்றாண்டு வாழ்ந்து, 1923-இல் அங்கேயே இறந்தார். 1908-இல் வெளிவந்த அவருடைய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ பீச்கோம்பர்’ நூல்தான் வெளியுலகுக்கு டங்க் தீவைக் காட்டிக்கொடுத்தது.

கடலிலும் எவ்வளவோ மாறிவிட்டது. நவம்பர் முதல் மே வரை இந்தக் கரையில் பெட்டி ஜெல்லிமீன் வரும். கைரோனெக்ஸ் என்ற அந்த உயிரிக்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 1956-இல்தான். மிஷன் பீச்சுக்குத் தெற்கே உள்ள கார்ட்வெல்லில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அது கொட்டி இறந்த பிறகு நடந்த தேடலில் அகப்பட்டது. கொட்டிய இடத்தில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றச் சொல்வதுதான் அன்றைய முதலுதவி. 1980-இல் வெளியான ஆய்வு, அந்த ஸ்பிரிட் வெடிக்காத நச்சுச் செல்களையும் வெடிக்க வைக்கிறது, வினிகர்தான் அவற்றை அடக்குகிறது என்று காட்டியது. எத்தனை பெற்றோர், நல்லது செய்கிறோம் என்று நம்பி, பிள்ளையின் காலில் அந்த ஸ்பிரிட்டை ஊற்றியிருப்பார்கள்! நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று கடற்கரைக் கம்பங்களில் வினிகர் பாட்டில் தொங்குகிறது, வலை கட்டிய குளிக்குமிடம் இருக்கிறது, பிள்ளைகள் உடம்பை மூடும் லைக்ரா உடையில் இறங்குகிறார்கள். அந்த உடைக்கு முன்னோடி பெண்களின் நைலான் காலுறை; உயிர்காப்பு வீரர்கள் அதைத்தான் மாட்டிக்கொண்டார்கள்.

பவளத்திட்டில் கடல்நீர் வற்றிய நேரத்தில் நடந்து, வாளி நிறையச் சிப்பி பொறுக்கி வருவது அன்று விடுமுறையின் ஓர் அங்கம். அந்தப் பவளத்திட்டைக் காக்கும் கடல்பூங்காச் சட்டம் 1975-இல் வந்தது. 2004-இல் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு மீன்பிடிக்கக் கூடாத பகுதியானது. வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளைக்கு அது இழப்பு இல்லை என்பேன். 2016 முதல் அடுத்தடுத்து வெளுத்துப்போய் நிற்கும் பவளத்தைப் பார்த்தவர்கள், சட்டம் இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்றுதான் சொல்வார்கள்.

2011 பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டிய நேரம். யாசி புயல் மிஷன் பீச் அருகே கரை கடந்தது. ஐந்தாம் வகை, அதாவது உச்ச வகைப் புயல். டங்க் விடுதி நொறுங்கியது, பிறகு திறக்கவே இல்லை. டங்க் மட்டுமல்ல. இதே கரையோரத் தீவு விடுதிகளில் கிரேட் கெப்பல் 2008-இலும், பிராம்ப்டன் 2011-இலும், லின்ட்மன் 2012-இலும் மூடப்பட்டன. 2017-இல் டெபி புயல் சவுத் மோல் தீவு விடுதியைச் சிதைத்தது. புயல் ஒரு காரணம்தான். காப்பீட்டுச் செலவு, டீசலிலிருந்து தக்காளிவரை எல்லாவற்றையும் படகில் ஏற்றும் செலவு, பாலிக்கும் ஃபிஜிக்கும் மலிவாகிவிட்ட விமானப் பயணம் எல்லாம் சேர்ந்துதான் தீவுகளை இளைக்க வைத்தன.

கரையிலோ கேரவன் பெருத்துவிட்டது. இரண்டரை, மூன்று டன் எடை. லேண்ட்குரூசர் மாதிரி வண்டி இல்லாமல் நகராது. கூரையில் சோலார் தகடு, அடியில் லித்தியம் பேட்டரி, உள்ளே ஏசி, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில். விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. பொத்தானை அழுத்தினால் பந்தல் தானே விரியும். அம்மாக்களுக்கு இது பெரிய விடுதலை. நடுராத்திரியில் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பொதுக் கழிப்பறைக்கு நடந்தவர்களும், விடுமுறையிலும் வரிசையில் நின்று துணி துவைத்தவர்களும் அவர்கள்தானே? ஆனால் பந்தல் தானே விரிந்தால் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை. பக்கத்து கேரவனில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

இன்று அந்த மூன்றாவது ஆளைப் பார்க்க வேண்டுமானால் தீவுக்குப் போக வேண்டும். வாங்கலிங் கடற்கரையிலிருந்து படகு டாக்சி. அலை பார்த்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்கிறார். தண்ணீர், சாப்பாடு எல்லாம் சுமந்துபோக வேண்டும். 271 மீட்டர் உயரக் கூட்டலூ மலை ஏறுபவர்கள், வழியில் இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் நிலையத்தின் துருப்பிடித்த மிச்சங்களைக் காட்டிப் பேச்சைத் தொடங்குகிறார்கள். நீலப் பட்டாம்பூச்சியைப் பார்க்க யாரும் அறை எடுக்க வேண்டியதில்லை.

டங்கில் மறுபடியும் விடுதி எழுந்தால் மறுப்பதற்கில்லை. ஊருக்கு வேலை வேண்டும். யாசிக்குப் பிறகு மிஷன் பீச் கடைக்காரர்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் கட்டுபவர் யாராக இருந்தாலும், பகல் படகில் வரும் குடும்பத்துக்கு ஒரு குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, மலைக்குப் போகத் தடையில்லாத பாதை, இந்த மூன்றையும் முதல் வரைபடத்திலேயே போட்டுவிட வேண்டும்.