காத்திருக்கும் காலமும் வாழ்க்கைதான்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர வரைபடத்தை விரித்தால் தமிழருக்கு ஒரு சின்ன வியப்பு இருக்கும். நகரின் நடுவே கொழும்பு ஸ்திரீட். சற்றுத் தள்ளி மெட்ராஸ் ஸ்திரீட். 19ஆம் நூற்றாண்டில் ஊரை வகுத்தவர்கள் ஆங்கிலிக்கன் திருச்சபையின் மறைமாவட்டப் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டினார்கள். நமக்குப் பழக்கமான பெயர்கள் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

அந்த மெட்ராஸ் ஸ்திரீட்டில்தான் 2011 பிப்ரவரி 22ஆம் தேதி பகல் 12.51 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று சரிந்தது. சிடிவி என்ற வட்டாரத் தொலைக்காட்சி நிலையம் அதில் இயங்கி வந்தது. நிலநடுக்கத்தில் மாண்ட 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள், மருந்தகத்துக்கு வந்தவர்கள், நிலைய ஊழியர்கள். கட்டடத்தின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று அரச விசாரணை ஆணையம் பின்னர் கண்டறிந்தது. ஒலிவாங்கி முன் வேலை பார்க்கும் எனக்கு, அன்றுமுதல் அந்த ஊர் எப்படி எழுகிறது என்பதில் ஒரு கண். சென்ற ஆண்டு விடுமுறையில் நேரிலும் போய்ப் பார்த்தேன்.

சிங்கப்பூருக்கும் அந்த நாளில் ஒரு பங்கு உண்டு. பயிற்சிக்காக அங்கிருந்த நம் ஆயுதப் படை வீரர்கள் நகர மையத்தைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் அமைக்க உதவினர். குடிமைத் தற்காப்புப் படையின் மீட்புக் குழுவும் விரைந்தது.

மேலே தெரிந்த இடிபாடு பாதிதான். மீதி நிலத்துக்கு அடியில். ஈரமான மணற்பாங்கான நிலம் பலமாகக் குலுங்கினால் கெட்டித்தன்மை இழந்து கஞ்சிபோல் ஆகிவிடும். கிறைஸ்ட்சர்ச்சின் கிழக்குப் பகுதிகளில் வீட்டு முற்றங்களிலும் சாலைகளிலும் சாம்பல் நிறச் சேறு பொங்கி வழிந்தது. கழிவுநீர்க் குழாய்கள் உடைந்தன. பல வீடுகளில் மாதக்கணக்கில் கழிவறை வேலை செய்யவில்லை.

குழாய்களையும் சாலைகளையும் சரிசெய்ய ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். வழக்கமாகக் குத்தகைக்குப் போட்டி போடும் ஐந்து பெரிய கட்டுமான நிறுவனங்களை ஒரே கூட்டணியாக்கி, அரசாங்கமும் நகர மன்றமும் அதில் சேர்ந்துகொண்டன. 2011 முதல் 2017 வரை இரண்டு பில்லியன் நியூசிலாந்து வெள்ளிக்கும் மேல் செலவானது. உடையும் பழைய குழாய்களுக்குப் பதிலாக, நிலம் அசைந்தால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குழாய்களைப் பல இடங்களில் பதித்தார்கள்.

குழாய் வருவதற்கு முன்பே மனிதர்கள் வந்துவிட்டார்கள். கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர் சாம் ஜான்சன், 2010 செப்டம்பரில் ஏற்பட்ட முதல் நிலநடுக்கத்தின்போதே ஃபேஸ்புக் வழியாகச் சக மாணவர்களைத் திரட்டியவர். பிப்ரவரியில் அந்தத் தொண்டூழியர் படை ஆயிரக்கணக்கில் பெருகியது. மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாகத் தெருத் தெருவாய்ப் போய்ச் சேற்றை அள்ளினார்கள்.

நகர மையம் மட்டும் வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தது. வேலி முழுமையாக அகன்றது 2013 ஜூன் இறுதியில். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஒரு ஊர் தன் சொந்த நடுவீதிக்குள் சுதந்திரமாகப் போக முடியவில்லை.

ஆனால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 2011 அக்டோபரிலேயே கேஷல் ஸ்திரீட்டில் கப்பல் கொள்கலன்களை அடுக்கி ஒரு கடைத்தொகுதி திறந்தார்கள். கேப் ஃபில்லர் என்ற குழு இடிந்த கட்டடங்களின் வெற்று மனைகளில் விளையாட்டாகப் பலவற்றைச் செய்தது. அவற்றில் ஒன்று திறந்தவெளி நடனமேடை. காசு போட்டால் ஓடும் பழைய சலவை இயந்திரத்தை மாற்றியமைத்து, இரண்டு வெள்ளி நாணயம் போட்டுக் கைப்பேசியை இணைத்தால் ஒலிபெருக்கியில் பாட்டு வரும்படி செய்தார்கள். ஆட அரங்கம் இல்லாத ஊரில் தெருவிலேயே ஆடினார்கள். 2012இல் அங்கு வந்த இன்றைய மன்னர் சார்ல்சும் கமிலாவும்கூட அந்த மேடையில் ஓர் ஆட்டம் போட்டார்கள்.

மெட்ராஸ் ஸ்திரீட் முனையிலேயே இன்னொரு அதிசயம். சேதமடைந்த தேவாலயத்துக்குப் பதிலாக ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அட்டைக் குழாய்களைக் கொண்டு தற்காலிகத் தேவாலயம் ஒன்றை வடிவமைத்தார். கட்டணம் வாங்கவில்லை. 2013இல் திறந்தது. நான் போனபோதும் அதுதான் நின்றுகொண்டிருந்தது. பழைய கற்கோயிலோ வேலிக்குள். பணப் பற்றாக்குறையால் அதன் சீரமைப்பு 2024இல் நின்றுபோனது.

இந்தக் கதையில் கசப்பும் உண்டு. 2011இல் நகர மன்றம் மக்களிடம் யோசனை கேட்டது. ஆறே வாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் குவிந்தன. அடுத்த ஆண்டே மைய அரசாங்கம் பொறுப்பைத் தன் கைக்கு எடுத்து, நூறு நாளில் வேறொரு திட்டம் தீட்டியது. கேட்டுவிட்டு ஓரங்கட்டினால் கேட்காததைவிட அதிகம் வலிக்கும் அல்லவா?

ஏறக்குறைய 8,000 வீடுகள் இருந்த நிலம் மீண்டும் குடியிருக்க ஏற்றதல்ல என்று சிவப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. காப்புறுதி இருந்த வீடுகளை 2007ஆம் ஆண்டு மதிப்பில் அரசாங்கம் வாங்கிக்கொண்டது. காப்புறுதி இல்லாதவர்களுக்கும் வெற்று மனை வைத்திருந்தவர்களுக்கும் நிலத்தின் மதிப்பில் பாதிதான். அவர்களில் சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015இல் நீதிமன்றம் அந்த முடிவு முறையாக எடுக்கப்படவில்லை என்று சொன்னது. இன்று அந்த இடம் ஏவன் ஆற்றோரம் பரந்த புல்வெளி. வீடுகள் இல்லை. யாரோ முற்றத்தில் நட்ட பழமரங்கள் மட்டும் வரிசை மாறாமல் நிற்கின்றன. வேலிகள் எங்கே இருந்தன என்பதை அந்த மரங்களை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

2018இல் திறந்த டுராங்கா நூலகம், நிலநடுக்கத்தில் அசைந்தாலும் பழைய நிலைக்கே திரும்பும்படி கட்டப்பட்டது. மாலையில் அதன் மாடிகளில் பிள்ளைகள் கூட்டம். எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. 2011இல் ஐந்து வயதான ஒரு பிள்ளைக்கு இந்த நூலகம் கிடைத்தபோது பன்னிரண்டு வயது. அதன் தொடக்கப்பள்ளிப் பருவம் முழுவதும், பெரியவர்கள் "தற்காலிகம்" என்று சொன்ன காலத்திலேயே கழிந்தது.

சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் நம் மாடி வீடுகளில் விளக்கு ஆடும், அவ்வளவுதான். ஆனால் பேட்டைகள் இடிக்கப்பட்டு எழுவதும், பழகிய அக்கம்பக்கத்தார் பிரிவதும் நமக்கும் தெரிந்ததே. புதிய கட்டடம் எப்போது வரும் என்று கேட்போம். அதுவரை பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், பெரியவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுவார்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்போம். கிறைஸ்ட்சர்ச் மக்கள் அதற்கு ஒரு சலவை இயந்திரத்தை வைத்தே பதில் கண்டார்கள்.