காண்டாவன வெயிலும் உடலும்

உடல் தன்னைக் குளிர்விக்கும் விதம்

மனித உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். காண்டாவனம் எனப்படும் கொடுவெயில் நாட்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் செம்மண் தோட்டங்களில் பாத்திக்குத் தண்ணீர் கட்டுபவரின் உடல் அந்த அளவைக் காக்கப் படும்பாடு பெரிது. இதயம் சூடான இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வை ஆவியாகி அந்தச் சூட்டைக் கொண்டுபோகிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். சொட்டி மண்ணில் விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். அதனால்தான், கடல் சூழ்ந்த குடாநாட்டில் சோளகக் காற்று ஓய்ந்து புழுங்கும் நாளில் கூடுதல் கவனம் தேவை.

இரண்டு வாரப் பழக்கம்

தினமும் வெயிலில் உழைக்கும் உடல் 7 முதல் 14 நாட்களில் மாறிவிடுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு இதயத் துடிப்பு குறைகிறது. வியர்வை முந்திச் சுரக்கிறது, கூடுதலாகவும் சுரக்கிறது. அல்டொஸ்டிரோன் என்ற இயக்குநீரின் தூண்டுதலால் வியர்வைச் சுரப்பிகள் உப்பை மீட்டுக்கொள்கின்றன. புதிதாக வேலைக்கு வந்தவரின் சட்டை காயும்போது முதுகில் வெள்ளை உப்புக்கோடு தடிப்பாகப் படியும். உடல் பழகப் பழக அது மெலியும்.

இந்தத் தாங்குதிறன் பிறப்போடு வருவதன்று. வெயிலை விட்டு விலகினால் சில வாரங்களில் போய்விடும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருபவர், இங்கேயே பிறந்தவரானாலும், முதல் வாரத்தில் வெயிலுக்குப் புதியவரே. விமானத்தால் இறங்கிய மறுநாளே சுடுமணலில் பிரதட்டை செய்வது உடலுக்குப் பெருஞ்சுமை.

பழகாத ஒன்று

தண்ணீர்க் குறைவுக்கு உடல் பழகுவதே இல்லை. வெயிலுக்குப் பழகியவர் கூடுதலாக வியர்ப்பதால் அவருக்குத் தண்ணீர் இன்னும் அதிகம் வேண்டும். தாகம் பிந்தித்தான் சொல்லும். சிறுநீர் கடும் மஞ்சளாவது தண்ணீர் குறைந்ததன் தெளிவான அடையாளம். நீரிழப்பு தொடர்ந்தால் சிறுநீரகக் கல்லுக்கும் வழியாகும். உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்த பழஞ்சோற்றுத் தண்ணீர், மோர், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் ஆகியவை நீரோடு உப்பையும் ஈடுசெய்கின்றன. முதியவர்களும், சிறுநீர் போக்கும் மாத்திரை எடுப்பவர்களும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவுசெய்ய வேண்டும்.

வெப்பத் தாக்கு

உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி, பேச்சுக் குழறி, ஆள் தடுமாறினால் அது உயிராபத்து. உடனே 1990 அம்புலன்சை அழைத்து, அது வரும்வரை நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி விசிற வேண்டும். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.