மறந்த கடவுச்சொல்லும் திறவாத கணினியும்

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குச் சென்று, இரு வாரம் உற்றார் உறவினரோடு கழித்துவிட்டு, தில்லிக்கோ மும்பைக்கோ திரும்பி அலுவலக மடிக்கணினியைத் திறக்கும்போது, நாள்தோறும் விரல்கள் தாமே தட்டிவந்த கடவுச்சொல் நினைவிற்கு வாராமற் போதல் இன்று பலரும் அறிந்த அனுபவம். விடுமுறைக்கு முதல் நாள்தான் அதனை மாற்றியிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. பிற்பகலுக்குள் அனுப்பவேண்டிய அறிக்கை உள்ளே இருக்கிறது; நாம் வெளியே நிற்கிறோம். உடனே கணினிப் பிரிவை அழைத்து, "என் பழைய கடவுச்சொல் யாது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்போர் பலர். இயலாது என்ற விடை வந்ததும், தம்மை நம்பாமல் மறுக்கிறார்கள் என்றோ, தாம் பேசிய இந்தி அவர்களுக்கு விளங்கவில்லை என்றோ எண்ணி வருந்துவோரும் உண்டு. உண்மை அதுவன்று. அந்தச் சொல் அவர்களுக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

தனக்குத் தெரியாத ஒன்றைக் கொண்டு கணினி நம்மை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்படோ என்ற அறிஞரும் அவர் குழுவினரும், ஒரே பெருங்கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றை இயக்கிக் காட்டினர். ஒருவர் கோப்பை மற்றொருவர் பாராதிருக்கும் பொருட்டு ஆளுக்கொரு கடவுச்சொல் அளிக்கப்பட்டது. அச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில் உள்ளது உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டு பிறருடைய நேரத்தையும் பயன்படுத்தினார். 1966-இல் நேர்ந்தது இன்னும் விந்தை. இரு கோப்புகள் இடம் மாறிவிட, அன்றைய அறிவிப்பு தோன்றவேண்டிய இடத்தில், எல்லோருடைய கடவுச்சொற்களும் உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் வரிசையாகத் தோன்றின!

எழுதி வைத்த சொல் என்றேனும் வெளிப்படும் என்பது இவற்றால் விளங்கிற்று. ஆதலின் சொல்லையே சேமியாத வழியை ஆராய்ந்தனர். அதே 1960-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் நீடம் அவ்வழியைக் கண்டார். அதனை நம் அடுக்களை உவமையால் விளக்கலாம். அரிசியை அரைத்தால் மாவு கிடைக்கும். மாவைக் கொண்டு அரிசியை மீட்க இயலாது. கணினி நம் கடவுச்சொல்லை ஒருவகைக் கணக்கால் அரைத்து, அந்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மறுநாள் நாம் சொல்லைத் தட்டியதும் அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது. 1979-இல் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்ற இருவர், அரைக்கும்போது ஆளுக்கு ஆள் வேறுபட்ட ஒரு சிறு எண்ணையும் உடன் சேர்க்கும் முறையை விளக்கி எழுதினர். ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தாலும் மாவு வேறுபட்டுவிடும். அச்சிறு எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'உப்பு' என்றே பெயர் வழங்குகிறது என்பதைக் கேட்டால், நம் உவமை அத்துணைத் தொலைவில் இல்லை என்பது புலனாகும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடவு என்பது வழி. கடந்து செல்லும் வழியில் காவலனிடம் சொல்லும் சொல் கடவுச்சொல். பழைய சொல்லைத் தோண்டி எடுப்பது அன்று, நாம் இன்னார் என்று மெய்ப்பித்துப் புதிய சொல் ஒன்றைப் பெற்று அவ்வழியைக் கடப்பதே நாம் செய்யத்தக்கது.

அதற்கு முன்னர், உண்மையிலேயே மறந்துதான் போயிற்றா என்று பார்த்தல் நலம். மைய அரசு அலுவலகங்களில் பல கணினிகளில் ஆங்கிலத்தோடு இந்தி விசைப்பலகையும் அமைந்திருக்கும். நம்மவர் தமிழையும் சேர்த்து வைத்திருப்பர். மொழி மாறியிருப்பதை அறியாமல் தட்டினால், சரியான விசைகளே தவறான எழுத்துகளைத் தரும். திரையிலோ புள்ளிகளே தெரியும். விண்டோஸ் கணினியில் நுழைவுத் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் மொழிக்குறி இருக்கும். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்பதையும் காண்க. கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற குறி இருந்தால், அருகில் எவரும் இல்லாதபோது அதனை அழுத்தித் தட்டிய எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளலாம். இவை சரியாக இருந்தும் திறவாவிடில், மேலும் மேலும் ஊகித்துத் தட்டுதல் கூடாது. அலுவலகம் வகுத்த எண்ணிக்கையைத் தாண்டினால் கணக்கே பூட்டப்பட்டுவிடும்; ஒரு சிக்கல் இரண்டாகும்.

உதவிக்கு எவரை அழைப்பது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். பதற்றத்தில் இணையத்தில் தேடி, முதலில் கண்ட 'உதவி மைய' எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் வஞ்சகராகவும் இருக்கக்கூடும். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லியோ, கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணைக் கேட்டோ, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவர். அடையாள அட்டையிலோ அலுவலகச் சுற்றறிக்கையிலோ உள்ள எண்ணையே அழைக்கவேண்டும். அதுவும் கையில் இல்லையெனில் உடன் பணியாற்றுபவரைக் கேட்கலாம். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணைத் தாமதமின்றி அழைத்தல் வேண்டும்.

அயல் மாநிலத்தில் வாழ்வோர்க்குரிய இடர் ஒன்று தனியே உண்டு. மெய்ப்பிக்கும் எண், அலுவலகப் பதிவில் உள்ள கைப்பேசிக்கே வரும். மாநிலம் மாறினாலும் அதே எண்ணை வைத்துக்கொள்ளும் வசதி நாடு முழுவதற்கும் 2015 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் குடிபெயர்ந்தோர் ஊர் எண்ணை விட்டுப் புதிய எண் பெற்றனர். பதிவேட்டில் பழைய எண்ணே நின்றுவிட்டதும் உண்டு. அத்தகைய எண் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம். கணினி திறந்திருக்கும் நாளிலேயே அதனைத் திருத்திக்கொள்வது எளிது.

ஊரில் இருக்கும்போதே மறந்துபோயின் என் செய்வது? இங்கேதான் பலர் திகைக்கின்றனர். தில்லியில் உள்ள கணினிப் பிரிவு புதிய கடவுச்சொல் தந்துவிடுகிறது. தஞ்சையில் இருக்கும் மடிக்கணினி அதனை ஏற்க மறுக்கிறது. காரணம் எளியது. அலுவலக வலையமைப்பைச் சேர்ந்த விண்டோஸ் கணினி, நாம் கடைசியாக அங்கு நுழைந்தபோது அரைத்த மாவில் ஒரு பிடியைத் தன்னிடமும் வைத்துக்கொள்கிறது. தொலைவில் இருக்கையில் அதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். தலைமையிடம் ஆணையை மாற்றியது, வாயிற்காவலனுக்கு எட்டவில்லை. நுழைவுத் திரையிலேயே வி.பி.என். வழியாக அலுவலகத்தோடு இணையும் வசதி இருப்பின் செய்தி எட்டிவிடும். இன்றேல் சென்னையிலோ திருச்சியிலோ அதே வலையமைப்பில் சேர்ந்த கிளை இருந்தால், கணினியை அங்கே எடுத்துச் சென்று இணைக்கவேண்டும். அதுவும் இல்லாதவர், ஊர் திரும்பும்வரை கைப்பேசியிலோ இரவல் கணினியிலோ மின்னஞ்சலை மட்டும் பார்த்துக் காலந்தள்ள நேரிடும். இணையத்தோடு நேரே பிணைந்த புதிய முறைக் கணக்குகளில் இத்தொல்லை குறைவு.

இத்தகைய வேளையில் கடைத்தெருவில் உள்ள பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்துகொள்ளலாம் என்று சிலர் யோசனை கூறுவர். அதனை நாம் ஏற்கவில்லை. கணினி அலுவலகத்தின் உடைமை என்பது ஒருபுறமிருக்க, இன்றைய அலுவலகக் கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் மறைக்குறியாக்கப்பட்டிருக்கும். உட்பகுதியைக் கழற்றி மாற்றினால், 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்டு அது நின்றுவிடும். அனைத்தையும் அழித்துப் புதிதாக்கினாலோ, கணினி திறக்கும்; கோப்புகள் போய்விடும். அந்தச் சாவி பெரும்பாலும் கணினிப் பிரிவின் பதிவில் இருக்கும். திரையில் தோன்றும் அடையாளக் குறியைச் சொன்னால் அவர்கள் தேடி எடுத்துத் தொலைபேசியில் படிப்பார்கள். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். அவற்றை ஒவ்வோர் இலக்கமாகவே படிக்கச் சொல்லுங்கள். இந்தியில் உன்சட் என்றால் 59, உன்ஹத்தர் என்றால் 69. ஆண்டுக்கணக்கில் தில்லியில் வாழ்ந்தவரும் அவசரத்தில் மயங்கும் இடம் இது. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால், எழுதியது சரியா என்று ஐயம் தோன்றின் வகுத்தும் பார்க்கலாம்.

இனி, புதிய சொல் எப்படி இருத்தல் வேண்டும்? அடிக்கடி மாற்றச் செய்வதே பாதுகாப்பு என்ற கொள்கை முன்பு ஓங்கியிருந்தது. காரணமின்றிக் கால எல்லை வைத்து மாற்றச் சொல்ல வேண்டியதில்லை என்று அமெரிக்கத் தர நிறுவனமாகிய நிஸ்ட் 2017-இல் அறிவுறுத்தியது. மறதிக்கு அந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. உங்கள் அலுவலகம் இன்னும் மாற்றச் சொல்லுமாயின், வெள்ளிக்கிழமை மாலையிலும் விடுமுறைக்கு முன்னாளிலும் மாற்றாதீர்கள். தொடர்பற்ற நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமும் கிடைக்கும், நினைவிலும் நிற்கும். குழந்தையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டா. தாளில் எழுதவே கூடாது என்று அஞ்சவேண்டியதில்லை. வீட்டில் பத்திரங்களோடு பூட்டி வைத்த தாளுக்கும், கணினியின் அடியில் ஒட்டிய தாளுக்கும் வேறுபாடு மிகுதி.

புதிய சொல் பெற்றபின்பும் ஓரிரு மணியில் கணக்கு மீண்டும் பூட்டப்பட்டால், கைப்பேசியைப் பாருங்கள். அதில் உள்ள அலுவலக மின்னஞ்சல், பழைய சொல்லையே ஓயாது அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். அங்கும், வீட்டில் உள்ள வேறு கருவிகளிலும், அன்றே மாற்றிவிடல் வேண்டும்.