தகரப் பெட்டியில் இருக்கும் குழந்தைத் துணி

தலைப்பிள்ளைக்குக் கட்டிய துணிகளைத் துவைத்து மடித்து, "அடுத்ததுக்கு ஆகும்" என்று தகரப் பெட்டியில் எடுத்து வைப்பது நம் தோட்டத்துக் குடும்பங்களில் வழிவழியாக வந்த பழக்கம். நல்ல பழக்கந்தான். பழைய வேட்டியையும் நைந்த பருத்திச் சேலையையும் கிழித்துக் கட்டுகிற துணியைப் போல் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு இதமானது வேறில்லை. கடையில் விற்கும் பெம்பர்ஸுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று பிள்ளை பெற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே லம்பின் துணி கட்டும் தாய்மாரைப் பழைய பஞ்சாங்கம் என்று யாரும் எள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை மூக்கில் ஏறுமே, அதைப் பற்றித்தான் இந்தத் தடவை எழுத வேண்டியிருக்கிறது. அது பாச்சை உருண்டையின் வாடை. சிலர் அந்துருண்டை என்பார்கள், ரசகற்பூரம் என்பாரும் உண்டு. கடையில் 'உபாட் கெகாட்' என்று கேட்டு வாங்குகிறோம். பார்க்கக் கற்பூரம் மாதிரி வெள்ளையாக இருக்கும். இந்த உருண்டைகள் பலவற்றில் இருப்பது நாப்தலீன் என்னும் இரசாயனம். அது கரைந்து நீராகாமல், கெட்டியாக இருந்தபடியே ஆவியாகித் துணியின் நூலுக்குள் இறங்கித் தங்கிவிடும். அந்தத் துணியை அப்படியே எடுத்துப் பிறந்த பிள்ளைக்குக் கட்டினால், சில பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

"எங்க காலத்துல எல்லாப் பிள்ளைக்கும் இதைத்தான் கட்டினோம், எது கெட்டுப் போச்சு?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்ளும். தாங்காத பிள்ளை எது என்பது முகத்தில் எழுதியிருக்காது, அதுதான் சங்கடம்.

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் ஜி6பிடி என்றொரு நொதிப்பொருள் இருக்கிறது. அணுக்கள் உடையாமல் காப்பது அதன் வேலை. சில பிள்ளைகளுக்கு இது பிறவியிலேயே குறைவாக இருக்கும். தாய்வழி வரும் குறை இது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டில் மலாய், சீனப் பிள்ளைகளிடம் அதிகம், நம்மவரிடம் அதைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளையின் உடம்பில் நாப்தலீன் சேர்ந்தால் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து மஞ்சள் நிறப்பொருள் வெளிவருகிறது. பெரியவர்களின் கல்லீரல் அதைக் கழித்துவிடும். பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி இன்னும் வந்திருக்காது. கண்ணும் தோலும் மஞ்சளாகும். அளவு மிஞ்சினால் அந்த மஞ்சள் மூளைக்கே ஏறிவிடும். பிறகு பிள்ளை பிழைத்தாலும் காது கேளாமலோ கை கால் வசமில்லாமலோ போகலாம்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. கிரீஸ் நாட்டு மருத்துவர்கள் 1963-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாச்சை உருண்டையோடு வைத்திருந்த துணி, போர்வை இவற்றின் ஆவி பட்டு இரத்தம் உடைந்த 21 பச்சைப் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களில் இருவர் இறந்தார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த 21 பேரில் ஜி6பிடி குறைவு இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். ஆகவே "எங்க பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது. பக்கத்துச் சிங்கப்பூரில் மூளைக்கு மஞ்சள் ஏறி மடிந்த பிள்ளைகள் ஒரு காலத்தில் ஏராளம். 1965-இல் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கி, குறை உள்ள பிள்ளைகளை மருத்துவமனையிலேயே வைத்துப் பார்த்த பிறகுதான் அந்தச் சாவு அடங்கியது. இன்று நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்தச் சோதனை நடக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் "ஜி6பிடி முடிவு என்ன?" என்று மிஸ்ஸியிடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எண்ணெய்க் குளியலையும் இங்கே சொல்ல வேண்டும். நாப்தலீன் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து, அந்த ஈரத்தோடு பாச்சை உருண்டை வாடை வீசும் துணியைச் சுற்றினால், விஷம் தோல் வழியாக இன்னும் சுலபமாக உள்ளே போகும். எண்ணெய் தேய்ப்பதைக் குற்றம் சொல்லவில்லை, துணியைத்தான் சொல்கிறேன். ஜி6பிடி குறை உள்ள பிள்ளைக்கு மருதாணியும் வைக்கக் கூடாது. அதனாலும் இரத்தம் உடையும்.

சரி, பெட்டியிலுள்ள துணியை என்ன செய்வது? உருண்டையோடு கிடந்த துணியைப் பிறந்த பிள்ளைக்குக் கட்டாமலிருப்பதே உத்தமம். பினாங்குத் தெருவிலோ மார்க்கெட் தெருவிலோ சில கெஜம் மல் துணி வாங்கிக் கிழித்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால், பேறுகாலத்துக்குப் பல வாரம் முன்பே எடுத்துக் காற்றிலும் வெயிலிலும் நாள் கணக்காகப் போட்டு, சுடுநீரில் சவுக்காரம் போட்டு இரண்டு மூன்று தடவை துவையுங்கள். அதற்குப் பிறகும் வாடை வந்தால் அது தரை துடைக்கத்தான் ஆகும். குறை இருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்ன பிள்ளைக்கு அந்தத் துணி கூடவே கூடாது. பிள்ளை படுக்கும் அறையின் அலமாரியிலும் உருண்டை இருக்கக் கூடாது, ஆவி அங்கிருந்தும் வரும்.

உண்மையில் பருத்தித் துணிக்கு இந்த உருண்டை தேவையே இல்லை. அந்துப்பூச்சி தின்பது கம்பளியையும் பட்டையும். சுத்தமாகத் துவைத்த பருத்தியை அது சீண்டாது. அழுக்கும் கஞ்சியும் உள்ள துணியைத்தான் கரப்பானும் மற்றப் பூச்சிகளும் தேடி வரும். கஞ்சி போடாமல், ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, இறுக மூடும் டின்னில் போட்டு வையுங்கள். போதும்.

இனி அன்றாடம் துவைப்பதைப் பார்ப்போம். பச்சைப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி போகும், மழைக்காலத்துக்கும் சேர்த்து மூன்று டசன் இருந்தால் நிம்மதி. மலத்தைக் கக்கூசில் தட்டிவிட்டு முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் சுடுநீர் ஊற்றினால் கறை நின்றுவிடும். பிறகு சவுக்காரம் போட்டுத் துவைத்து, நுரை அறவே போகும்வரை அலச வேண்டும். பிள்ளையின் தொடையிடுக்கு சிவந்து புண்ணாவதற்கு, துணியில் தங்கிய சோப்பும் ஒரு காரணம். நேரத்தில் மாற்றாத ஈரத் துணி இன்னொரு காரணம். வாசனைக்கு ஊற்றும் சாஃப்ட்னர் வேண்டாம், அது துணியின் ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வயிற்றுப்போக்கு இருந்தால் துவைத்த துணியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுங்கள்.

குளோராக்ஸ் போடுகிறவர்கள் மூத்திரத்தை நன்றாக அலசிய பிறகே கொஞ்சம் போட வேண்டும். மூத்திரம் ஊறிய துணியிலோ காடியோடு கலந்தோ ஊற்றினால் மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். ஊறவைக்கும் வாளிக்கு மூடி அவசியம். திறந்து கிடக்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், தவழும் பிள்ளை அதில் தலைகுப்புற விழுந்தாலும் விழும்.

வெயிலில் காயப்போடுவதைப் போல் நல்லது எதுவுமில்லை. அந்தக் காலத்து லயத்து வாசலில் கொடி கட்டக் கேட்பாரில்லை. இன்று செபராங் பிறையில் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு அது ஒரு பாடு. ஆண்டுக் கடைசி மழை மாதங்களில் உள்ளே காயப்போட்டாலும், கட்டுவதற்கு முன் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒரு தடவை ஓட்டுங்கள்.

புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வேலை உடுப்பைப் பிள்ளைத் துணியோடு ஒரே வாளியில் போடாதீர்கள், ஒரே கொடியிலும் போடாதீர்கள். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் கிளைபோசேட் போன்றவை இன்னும் அடிக்கப்படுகின்றன. மருந்து வந்த பீப்பாயைக் கழுவி லம்பின் ஊறவைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்துப் பீப்பாய்தான். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடுப்பு மாற்ற இடமும் தண்ணீரும் வேண்டுமென்று கேளுங்கள். தொழிலாளியின் பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் கடமை.

துணி கட்டுவதில் இன்னொரு லாபம், பிள்ளையின் நிலவரம் கண்ணுக்குத் தெரியும். பச்சைப் பிள்ளையின் மூத்திரம் வெளிறிக் கறையில்லாமல் இருக்க வேண்டும். தேத்தண்ணீர் நிறத்தில் கறை விழுந்தால், பிள்ளை வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், பால் குடிக்காமல் தூங்கி விழுந்தால், கீச்சென்று அழுது உடம்பை வில்லாக வளைத்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். செபராங் ஜெயாவோ பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியோ, எது கிட்டவோ அங்கே இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள். பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே. இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் நீல விளக்கு வேறு, வாசல் வெயில் வேறு. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் அது ஈரல் குழாய்க் கோளாறாக இருக்கலாம். அதற்கும் நாள் கடத்தக் கூடாது.

2023 ஜனவரி முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. அது முடிந்ததும் பிள்ளை பாட்டியிடமோ ஆயாக்கொட்டகையிலோதான் இருக்கும். ஜி6பிடி குறை உள்ள பிள்ளை என்றால், ஒப்படைக்கிற அன்றே அதைச் சொல்லிவிடுங்கள். அப்படியே அங்கே துணி வைக்கும் அலமாரியையும் ஒரு தடவை திறந்து மோந்து பாருங்கள்.