நாய்க்கு ஏது முழங்கை?

நாய்க்கும் பூனைக்கும் நாலும் கால்தானே, முழங்கை எங்கிருந்து முளைத்தது என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டு நாயின் முன்னங்காலைக் கீழிருந்து தடவிக்கொண்டே போங்கள். நெஞ்சை ஒட்டினாற்போல், பின்பக்கம் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் முழங்கை. நமக்கு இருப்பது போலவே மேலே ஓர் எலும்பு, கீழே இரண்டு எலும்பு. மூன்றும் கூடும் மூட்டு.

இந்த மூட்டு முறிவதற்கு மோட்டார் வண்டிதான் மோத வேண்டும் என்பதில்லை. நாலு மாதக் குட்டி சோபாவிலிருந்து குதித்தால் போதும். கொஞ்சும் குழந்தையின் கையிலிருந்து நழுவி விழுந்தாலும் போதும். மேல் எலும்பின் அடியில் அக்கம்பக்கமாக இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. கால் தரையில் மோதும்போது அதிர்ச்சியில் பெரும்பங்கு வெளிப்புறக் குமிழில் போய் முட்டுகிறது. அதைத் தாங்கும் எலும்போ மெல்லியது. குட்டிப் பருவத்தில் முற்றாத எலும்பு வேறு! குமிழ் அப்படியே பிளந்துவிடுகிறது. ஸ்பானியல் ஜாதி நாய்கள் சிலவற்றுக்கு இரு குமிழ்களுக்கும் நடுவே பிளவு இருப்பதுண்டு. அவை வளர்ந்த பிறகும், சாதாரணமாக ஓடும்போதே அந்த இடம் முறிந்துவிடலாம்.

குட்டி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினால் நமக்கு உடனே தோன்றுவது என்ன? மூங்கில் சிம்பு, இல்லாவிட்டால் மாவுக்கட்டு! எலும்பின் நடுப்பாகம் முறிந்திருந்தால் அது பல சமயம் பலிக்கும். மூட்டுக்குள் முறிந்தாலோ பலிக்காது. மூட்டின் உட்புறம் கண்ணாடி போல் வழவழப்பானது. உடைந்த துண்டு சிறிது விலகிச் சேர்ந்தாலும் ஒவ்வோர் அடியிலும் உராய்வுதான். நாளடைவில் வாதம் கண்டு மூட்டு இறுகிவிடும்.

ஆகவே ஆபரேஷன் அவசியமாகிறது. டாக்டர் மயக்கம் கொடுத்து, துண்டை இம்மியும் பிசகாமல் பொருத்தி, இரு குமிழ்களுக்கும் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்துகிறார். வெளித் துண்டில் துவாரம் சற்றுப் பெரிது. மரை உள் துண்டில் மட்டுமே பிடிக்கும். திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். துண்டு சுழலாதிருக்கக் கூடவே ஒரு கம்பியோ சிறு தகடோ வைக்கிறார்.

பின்னால் துருத்தும் முனை முறிந்தால் சங்கடம் வேறு மாதிரி. அங்கே பிடித்திருக்கும் தசை அதை ஓயாமல் மேலே இழுக்கும். ஊசிக் கம்பிகளைச் செருகி, எட்டு வடிவில் கம்பி சுற்றிவிட்டால், அந்த இழுப்பே முறிவை நெருக்கிப் பிடிக்கிறது. பகையையே துணையாக்கும் தந்திரம்!

பூனையிடம் இன்னொரு ஜாக்கிரதை வேண்டும். மூட்டுக்குச் சற்று மேலே எலும்பில் ஒரு துவாரம். முக்கியமான நரம்பும் ரத்தக்குழாயும் அதற்குள் புகுந்து போகின்றன.

சரியாகப் பொருத்து, உறுதியாகப் பிடி, ரத்த ஓட்டத்தைக் கெடுக்காதே, சீக்கிரம் அசைய விடு — 1958-ல் சுவிட்சர்லாந்தில் கூடிய சர்ஜன்கள் மனித எலும்புக்கு வகுத்த கொள்கை இது. 1969-ல் மிருக வைத்தியர்களும் அவ்வழியில் தனிச் சங்கம் கண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே. 'தானே சரியாகிவிடும்' என்று நாளைக் கடத்தாமல், உடனே எக்ஸ்ரே எடுக்கச் செய்யுங்கள். நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஜுரத்துக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு யமன். ஆபரேஷனுக்குப் பின் சில வாரங்கள் துள்ளிக் குதிக்க விடாமல் பார்த்துக்கொண்டால், நாலு காலும் நாலு காலாகவே இருக்கும்!